தலையசைத்த அரசன்

ஊர்களைவிட ஏரிகள் அதிகமாக இருந்த காலத்தில், வெண்மாறன் என்றொரு அரசன் இருந்தான், கேளுங்கள். கரையைத் தொட்டுப் பார்த்தே அது எவ்வளவு நீர் தாங்கும் என்று சொல்லிவிடுவான். ஆனால் நான்கு பேர் கூடிவிட்டால் அவனுக்கு நாக்கு எழாது.

ஓர் ஐப்பசி மழையில் பெரிய ஏரியின் கரை கசிந்தது. மாலைக்குள் உடையும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்களே மக்களிடம் சொல்லுங்கள், அரசே" என்றார் அமைச்சர்.

சொல் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. "புலவர் சொல்லட்டும். அவர் சொன்னால் அழகாக இருக்கும்" என்று முனகினான்.

கோயில் வாசலில் ஊர் கூடியது. புலவர் பொங்கும் நீரைப் பாடினார், புரளும் மீனைப் பாடினார், கரையைத் தழுவும் அலையைப் பாடினார். கரை உடையும் என்ற செய்தியும் பாட்டுக்குள் எங்கோ இருந்தது. யார் மனத்திலும் அது ஏறவில்லை. "இன்னொரு தரம்!" என்று கூவினார்கள்.

பக்கத்தில் நின்ற அரசன் வாயைத் திறந்தான். சொல் மறுபடியும் திரும்பிப் போனது.

கீழத்தெரு நாச்சி எழுந்தாள். "பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு, சாமி. அடுப்புல உலை கொதிக்குது. நாங்க வீட்டுக்குப் போகலாமா?"

எல்லாரும் அரசனைப் பார்த்தார்கள். மூன்றாம் முறையும் சொல் வரவில்லை. அத்தனை கண்களையும் தாங்க முடியாமல் தலையை அசைத்தான்.

போனார்கள்.

பொழுது சாயுமுன் ஏரி உடைந்தது. கீழத்தெரு நீரோடு போனது. மாடுகளை அவிழ்க்கப் போன நாச்சியின் கணவன் திரும்பவில்லை.

வெள்ளம் அடுத்திருந்த சிற்றேரியில் புகுந்து ஏறியது. அதுவும் உடைந்தால் குயவர் தெரு போய்விடும். அரசன் சேற்றில் விழுந்தெழுந்து அங்கே ஓடினான். புலவரைத் தேடவில்லை.

"சி... சிற்றேரி உடையப் போகுது! பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடுங்க! பெரிய ஏரி உடையும்னு காலையிலேயே எனக்குத் தெரியும். சொல்லாம தலையாட்டிட்டேன்."

"இந்த நாலு வார்த்தைக்கா பாட்டுக் கச்சேரி வெச்சீங்க?" என்றான் ஒரு குயவன். கேட்டுக்கொண்டே பிள்ளையைத் தோளில் ஏற்றினான். தெரு காலியானது. அங்கே ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மேட்டில் நாச்சி ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அரசன் குயவர் தெருவில் கூவியது அவள் காதிலும் விழுந்திருந்தது. அரசன் அவள் முன்னால் போய் நின்றான். அவள் ஏசியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இப்ப வருதே பேச்சு, சாமி" என்று மட்டும் சொன்னாள்.

அரசனால் அதன் பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மக்களை ஆள வந்தவன் அவர்கள் முன் நின்று அவர்களுக்குப் புரியும்படி பேசக் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவனுடைய கூச்சத்துக்கு ஊர்தான் விலை கொடுக்கிறது.