ராக்கு பூசிய வண்டல்

அந்தக் காலத்தில் கொக்கு என்றால் வெள்ளைதான், வேறு நிறமே கிடையாது. மனுசரும் பறவைகளும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இன்றைக்கு வயல் வரப்பில் உட்கார்ந்திருக்குமே மடையான், உட்கார்ந்தால் சேற்று நிறமும் பறந்தால் வெள்ளையுமாக, அதுவும் அப்போது பேரில்லாத ஒரு வெள்ளைக் கொக்குதான்.

ஓர் ஊரில் பெரிய கண்மாய் இருந்தது. அதன் மடையைத் திறக்கிறவன் சோணை. மடை திறப்பது என்றால் கரையில் நின்று சக்கரத்தைத் திருகுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கண்மாய்க்குள்ளே ஐம்பது அடி தள்ளி இரண்டு கல்தூண் நிற்கும், மேலே ஒரு குறுக்குக்கல். அதற்கு நேர் கீழே, தரையில் ஒரு துளை. அந்தத் துளையை அடைத்திருக்கும் கல்லை, மூச்சடக்கி முழுகிப் போய்த்தான் பிடுங்க வேண்டும். பிடுங்கிய மறுநொடி தண்ணீர் உள்ளே இழுக்கும். அப்போது விலகத் தெரியாதவன் திரும்பி வரமாட்டான். இந்த வேலை செய்கிறவனுக்குத்தான் மடையன் என்று பேர். இப்போது நாம் அந்தப் பேரைச் சொல்லி யாரை வேண்டுமானாலும் திட்டுகிறோம். அன்றைக்கு அதைக் கேட்டால் ஊரே எழுந்து நிற்கும்.

முழுகுகிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கரையில் பிடித்து நிற்பது அவன் பெண்டாட்டி. சோணையின் பெண்டாட்டி ராக்கு.

அந்த வருசம் ஐப்பசியில் மழை எட்டு நாள் விடவில்லை. மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு வழியாக எவ்வளவு வெளியேறியும் கண்மாய் ஏறிக்கொண்டே போனது. ஒன்பதாம் நாள் காலையில் கரையில் கை நுழைகிற அளவு வெடிப்பு கண்டது. கரை போனால் கீழே இருக்கிற ஊரும் போகும். சோணை இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான்.

ஆனால் தூண் எங்கே? குறுக்குக்கல்லுக்கு மேலே தண்ணீர் போய்விட்டது. எங்கே பார்த்தாலும் செங்காவித் தண்ணீர். சோணை ஒரு தடவை முழுகினான், கை நிறையச் சேற்றோடு வந்தான். இரண்டாம் தடவை மூக்கில் ரத்தத்தோடு வந்தான்.

"ஏ ராக்கு, எனக்கு இடம் பிடிபடல" என்று தண்ணீரில் மிதந்தபடி கத்தினான். "இன்னும் ஒரு முழுக்குக்குத்தான் மூச்சு இருக்கு. அதுவும் தப்பிட்டா, நீ கயித்தை விட்டுட்டு ஊரைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு ஏறிடு."

"கயித்தை விடுற ஆளா நானு?" என்றாள் ராக்கு. கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

கண்மாய் நடுவில் கருவேல மரங்கள் இருந்தன. வெள்ளைக் கொக்குகள் அதில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. மழைக்காக இல்லை. கரைப் பனையில் ஒரு வல்லூறு நாலு நாளாகக் காவல் இருந்தது. வெள்ளையாக எது அசைந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். அப்படி அடிபட்டவற்றில் ஒரு கொக்கின் சோடியும் உண்டு.

அந்தச் சோடியிழந்த கொக்குதான் எழுந்தது. தினமும் குறுக்குக்கல்லில் நின்று மீன் பிடித்த கொக்கு அது. நேராகப் பறந்து வந்து, வெறும் தண்ணீர் மாதிரி தெரிந்த ஓர் இடத்தில் இறங்கி, முழங்கால் நனைய நின்றது.

"சோணை அண்ணே, என் காலுக்கடியிலதான் கல்லு இருக்கு. வாங்க" என்றது.

பனையில் வல்லூறு தலையைத் திருப்பியது. கொக்கும் அதைப் பார்த்தது. பார்த்தும் நகரவில்லை.

சோணை நீந்திப் போய் அதன் காலடியில் முழுகினான். கயிறு ஓடியது, நின்றது, விறைத்தது. ராக்கு குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தாள். கரைக்கு அந்தப் பக்கம் மடைவாயில் தண்ணீர் உறுமிக்கொண்டு பாய்கிற சத்தம் கேட்டது. கடைசியில் சோணை தலை வெளியே வந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை வண்டல் அப்பிக் கரையில் வந்து குப்புற விழுந்தான். மூச்சு இருந்தது.

அதற்குள் வல்லூறு பாய்ந்துவிட்டது. கொக்கு தப்பிப் பறந்து வந்து ராக்குவின் சேலை மடிப்புக்குள் புகுந்தது. அவள் கையை வீசி விரட்ட, வல்லூறு மேலே ஏறி வட்டமிட்டது.

"என் வீட்டுக்காரரைக் குடுத்துட்டியே சாமி" என்று ராக்கு அழுதாள். "உனக்கு நான் என்னத்தைக் குடுப்பேன்?"

"ஒண்ணும் வேணாம் தாயி. இன்னைக்குத் தப்பிச்சுட்டேன். நாளைக்கும் இந்த வெள்ளை உடம்போடதானே நிக்கணும்" என்றது கொக்கு.

ராக்கு புருசனைப் பார்க்கத் திரும்பினாள். ஒரு கணம் அவனைக் காணவில்லை. கரை மண்ணும் அவன் முதுகும் ஒரே நிறமாக இருந்தன. நெஞ்சு பதறிப்போய்த் தடவிப் பார்த்த பிறகுதான் ஆள் அங்கேயே கிடப்பது தெரிந்தது. அவளுக்கு அப்போதுதான் யோசனை தட்டியது.

சோணை முதுகில் இருந்த வண்டலை இரண்டு கையாலும் வழித்தெடுத்தாள். கொக்கின் முதுகில் பூசினாள். பயத்தில் அது இறக்கையை இறுக மூடியிருந்ததால் வெளியே மட்டும்தான் சேறு பட்டது. மிச்சத்தைக் கழுத்திலும் மார்பிலும் தடவியபோது ஐந்து விரலும் கோடு கோடாக விழுந்தன.

"அசையாம நில்லு. இறக்கையை விரிச்சா வெள்ளை தெரிஞ்சுபோகும். நானே வந்து போகச் சொல்ற வரைக்கும் அசையாதே" என்று சொல்லிவிட்டுப் புருசனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் வெயில் அடித்தது. ராக்கு கரைக்கு வந்து தேடினாள். கொக்கைக் காணோம். வல்லூறும் பனையை விட்டுப் போயிருந்தது. கொண்டுபோய்விட்டதோ என்று அழுதுகொண்டே நடந்தாள். அடுத்த அடியை எடுத்து வைக்கப் போன இடத்திலிருந்து பளீரென்று ஒரு வெள்ளை எழும்பியது. ராக்கு பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேவிட்டாள்.

"அடக் குருட்டுக் கொக்கே, நான் மிதிக்கப் போறது கூடவா தெரியல?"

"நேத்துல இருந்து கண்ணு கொட்டாமப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி. நீ சொல்லாம எப்படி அசையறது?"

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். போகச் சொல்லத்தான் மறந்துபோனாள். ஊர் கூடி, சோணைக்கு இருந்த மடையன் என்ற பேரையே கொக்குக்கும் வைத்து, மடையான் என்றது.

அன்றைக்குப் பிடித்த வண்டல்தான் இன்னும் மடையானின் முதுகில் இருக்கிறது. ராக்குவின் விரல் கோடும் மார்பில் இருக்கிறது. வரப்பில் நீங்கள் மிதிக்கப் போகும்போதுதான் அது எழும்பும். குருட்டுக் கொக்கு என்று சிரித்துவிட்டுப் போகிறோம். அன்று முதல் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, வருவது ராக்குவின் காலா என்று.