சேவலுக்குக் கீழே ஒரு சேனாதிபதி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கள்ளியூர் நாட்டை வில்லவராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நன்றாக ஆண்டானா என்று கேட்காதீர்கள். ஆண்டான், அவ்வளவுதான். அவனுக்கு அம்பலவாணர் என்று ஒரு மந்திரி. மகா புத்திசாலி என்று ஊரெல்லாம் பேச்சு. அம்பலவாணருக்கு மட்டும் அதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

சந்தேகம் வந்ததே கோழியால்தான். ஒருநாள் ராஜா சபையில் அலுத்துக்கொண்டான். அரண்மனைக் கோழிகளில் முட்டையிடுகிறதைக் குழம்பு வைத்தால் எலும்புதான் மிஞ்சுகிறது, கறிக்கு ஆகிறது முட்டையிட மாட்டேன் என்கிறது என்றான். சபை சும்மா இருந்தது. அம்பலவாணரும் சும்மா இருந்திருக்கலாம். இல்லை. கடல் கடந்து வந்த வியாபாரியிடம் ஒரு சாதிக் கோழி இருக்கிறது, பெட்டை நிறைய முட்டையிடும், சேவல் சதைபிடித்து நிற்கும், கொல்லையில் விட்டால் இரண்டுக்கும் ஆகும் என்று வியாபாரி சொன்னதை அப்படியே ஒப்பித்தார். அவர் தன் வாழ்நாளில் ஒரு கோழியைக் கையில் தூக்கியதுகூடக் கிடையாது. “ஒரு முட்டையை ஒழுங்கா உடைக்கத் தெரியாது, இவர் கோழி வளர்க்க யோசனை சொல்றாராம்” என்று அவர் மனைவி தையல்நாயகி சொன்னாள். நியாயம்தான்.

கோழிகள் வந்தன. கொல்லையில் மேய்ந்தன. முட்டை கூடை கூடையாக வந்தது, குஞ்சு பொரித்தது, சேவல்கள் கொழுத்தன. கறி மட்டும் இலைக்கு வரவில்லை. காரணம் ராஜாவின் வாய். காலையில் கொல்லைப்பக்கம் போவான். ஒரு சேவல் கொண்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அதற்குச் ‘சமரசூரன்’ என்று பட்டம் கொடுத்துவிடுவான். இன்னொன்று அதைக் கொத்தினால் இன்னொன்றுக்கும் சமரசூரன். அவனுக்குத் தெரிந்த பட்டம் அவ்வளவுதான். இப்படியே கொல்லையில் பட்டமில்லாத சேவலே இல்லை என்றாகிவிட்டது. அந்த நாட்டிலோ, ராஜா வாயால் பட்டம் வாங்கினவர் மேல் கத்தி வைக்கக் கூடாது என்று பாட்டன் காலத்துச் சட்டம். சமையல்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வருவார், சட்டத்தை நினைத்துத் திரும்பிப் போவார். சேவல்கள் கம்பைத் தின்று தீர்த்தன, ஒன்றையொன்று கொத்தின, பெட்டைகளின் முதுகில் இறகே இல்லாமல் ஆக்கின.

சேனாதிபதி கண்டராயருக்கு மந்திரி ஆசனத்தின் மேல் வெகுநாளாக ஒரு கண். அவருக்கு இது போதாதா?

“மகாராஜா, இரண்டுக்கும் ஆகும் என்றார் அமைச்சர். ஒன்றுக்குத்தானே ஆகியிருக்கிறது? சபையில் பொய் சொன்னவருக்கு இந்த நாட்டில் என்ன வேலை?”

ராஜாவுக்கு அப்போது நல்ல பசி. நாளை மதியம் தன் இலையில் இந்தக் கொல்லைச் சேவல் கறி விழ வேண்டும், சட்டத்தையும் மீறக் கூடாது, முடியாவிட்டால் அம்பலவாணர் எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டான். பட்டம் கொடுத்தது யார் என்று கேட்க அம்பலவாணருக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் மூட்டை கட்டக்கூட நேரம் கிடைக்காது என்று விழுங்கிக்கொண்டார்.

வீட்டில் தையல்நாயகி பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அம்பலவாணர் கூடத்தில் நடந்துகொண்டே யோசித்தார். பட்டத்தைத் திரும்ப வாங்கச் சொன்னால் ராஜா கேட்க மாட்டான், கௌரவக் குறைச்சல். பட்டம் வாங்கினவரே வேண்டாம் என்று கெஞ்சினால்? சேவல் கெஞ்சாது. சபையில் தன் ஆசனத்தை ஒரு சாண் தள்ளிப் போட்டதற்காக வாயிற்காவலனைக் கைநீட்டி அடித்த கண்டராயரும் ஒரு சமரசூரர்தானே! அம்பலவாணர் நடப்பதை நிறுத்தினார்.

மறுநாள் காலை சபைக்குள் கூடை கூடையாகச் சேவல்கள் வந்து இறங்கின. ராஜா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான்.

“மகாராஜா, நான் இன்றோடு போகிறவன். போகும்முன் என் தவறு ஒன்றைச் சரிசெய்கிறேன். பட்டம் வாங்கினவர்கள் வாங்கின வரிசைப்படி சபையில் உட்கார வேண்டும் என்பது நம் வழக்கம். இவர்களை நான் அழைக்கவே மறந்துவிட்டேன்.”

ராஜாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. சேவல்களைக் காலில் துணி கட்டி ஆசனங்களில் வரிசையாக உட்கார வைத்தார்கள். கண்டராயருக்கு அந்தப் பட்டம் போன பொங்கலுக்குத்தான் கிடைத்தது. சேவலுக்கு வைத்தபோது நன்றாக இருந்ததே என்றுதான் ராஜா அவருக்கும் கொடுத்திருந்தான். ஆகவே அவர் ஆசனம் வரிசையின் வாலுக்குப் போனது. அவருக்கு மேலே இருந்த சேவல் திரும்பி உட்கார்ந்து, சாவகாசமாக அவர் மெத்தையில் எச்சம் போட்டது.

“மகாராஜா, இந்தக் கோழியும் நானும் ஒன்றா?”

“அதெப்படி ஒன்றாகும்? அது உமக்கு மூத்தது.”

கண்டராயர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இந்தச் சமரசூரன் பட்டத்தையே ஒழித்துவிடும்படி கெஞ்சினார். கொடுத்ததைப் பிடுங்கினேன் என்று ஊர் பேசாதா என்று ராஜா தயங்கினான். சமரசூரர்களில் ஒருவரே கேட்கிறாரே, பிடுங்கினதாக எப்படி ஆகும் என்றார் அம்பலவாணர். அந்த நேரம் பார்த்து ஒரு சேவல் கூவியது. “இவரும் ஆமோதிக்கிறார் மகாராஜா” என்றார்.

பட்டம் ஒழிந்தது. தன்னுடையதும் சேர்ந்து போய்விட்டது என்று கண்டராயருக்கு உறைத்தபோது, சமையல்காரர் கூடைகளை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார். வெறும் கண்டராயர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் தூணோரம் நின்றார்.

மதியம் ராஜா இலையிலும், பக்கத்தில் அம்பலவாணர் இலையிலும் கறி விழுந்தது. ராஜா ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான்.

“அமைச்சரே, இதென்ன கறியா, செருப்பா?”

“பருவத்தில் அடித்திருந்தால் மெத்தென்று இருக்கும் மகாராஜா. பட்டத்தோடு ரொம்ப நாள் உட்கார வைத்துவிட்டோம், முற்றிவிட்டது.”

ராஜா தன் தலையைத் தடவிக்கொண்டான். கிரீடம் கொஞ்சம் சரிந்தது. “நானும் பட்டத்துக்கு வந்து ரொம்ப நாளாகிறதே. அப்படியானால் என்னைக் குழம்பு வைத்தால்?”

“நாட்டில் அவ்வளவு விறகு இல்லை மகாராஜா.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அம்பலவாணருக்கு உறைத்தது. இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது! ராஜா மெல்லுவதை நிறுத்தினான். பிறகு புரையேறும்வரை சிரித்தான். கையிலிருந்த கடகத்தைக் கழற்றி அம்பலவாணர் இலை ஓரம் வைத்தான். பட்டம் மட்டும் எதுவும் கொடுக்கவில்லை.