ராஜாவின் புதுப்பாடம்

முன்னொரு காலத்தில், கடலுக்கு இந்தப் பக்கம் மகிபாலன் என்று ஒரு ராஜா இருந்தான். கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவிலிருந்து சுமனா என்ற பெண்ணை மணம் முடித்து அழைத்து வந்தான். அவள் பாஷை இவனுக்குத் தெரியாது, இவன் பாஷை அவளுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த தோழி ஒருத்தி கூடவே வந்திருந்தாள். ஆனால் தோழியை நடுவில் நிறுத்திக்கொண்டு புருஷன் பெண்டாட்டியிடம் என்னதான் பேசிவிட முடியும்? "ராணி சாப்பிட்டாளா?" என்று கேட்பான். "சாப்பிட்டாராம்" என்று பதில் வரும். அதற்கு மேல் பேச வெட்கம்.

மழைக்காலம் ஒன்று முழுதாகப் போயிற்று. ராணி சன்னலோரமே கதியென்று இருந்தாள். அவளோடு ஒரு வார்த்தை தானே பேசிவிட வேண்டும் என்ற ஏக்கத்தில் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. தோழியிடம் பாடம் கேட்பது அரச வழக்கமில்லை என்பதால், ஏட்டில் அந்தப் பாஷையைக் கற்றிருந்த அரசவைப் பண்டிதர் மார்க்கசகாயரை அழைத்தான்.

பண்டிதர் தினமும் ஒரு புதுப்பாடம் எடுப்பார். அவர் சொல்வதை ராஜா அப்படியே திருப்பிச் சொல்வான். கடைசியில் "புரிந்ததா?" என்பார். ஒரு மண்ணும் புரிந்திராது. ஆனாலும் ராஜாவாயிற்றே, "புரிந்தது" என்பான். தன் ஊர்ச் சொல் ஒன்றாவது காதில் விழாதா என்று ராணி தோழியோடு திரைக்குப் பின்னால் வந்து உட்காருவாள். அது தெரிந்ததால் ராஜாவுக்குக் கூச்சம் இன்னும் அதிகம்.

இத்தனை நாளாகியும் ஏன் பேச வரவில்லை என்று ராஜா ஒருநாள் சலித்துக்கொண்டான். பண்டிதருக்கு அரசவை விகடன் சாத்தன்மேல் வெகுநாள் வயிற்றெரிச்சல். அவனுடைய கோமாளிப் பேச்சால்தான் மன்னரின் கவனம் சிதறுகிறது, அவனும் வகுப்பில் அடங்கி உட்காரட்டும் என்று போட்டுக்கொடுத்தார். எரிச்சலில் இருந்த ராஜாவும் யோசிக்காமல் ஆணையிட்டான்.

"சாத்தா, நாளை நீயும் பாடத்துக்கு வா. ஆசிரியர் சொல்வதைத் தவிர ஒரு சொல் உன் வாயிலிருந்து வந்தாலும் நீ நாட்டை விட்டுப் போகவேண்டும்."

சாத்தன் வணங்கிவிட்டுப் போனான். மறுநாள் சமர்த்தாக வந்து உட்கார்ந்தான். பண்டிதர் தீவு பாஷையில் நீண்ட வாக்கியம் ஒன்றைச் சொன்னார். இருவரும் திருப்பிச் சொன்னார்கள்.

"சாத்தா, புரிந்ததா?" என்றார் பண்டிதர்.

"சாத்தா, புரிந்ததா?" என்றான் சாத்தன்.

"உன்னைத்தான் கேட்கிறேன்."

"உன்னைத்தான் கேட்கிறேன்."

பண்டிதர் முகம் சிவந்தது. "இதற்கு என்ன பொருள், சொல்."

"இதற்கு என்ன பொருள், சொல்" என்று சாத்தனும் பணிவாகக் கேட்டான்.

பண்டிதர் அவசரமாக ஏட்டைப் புரட்டினார், அதில் பொருள் எழுதியிருக்கவில்லை. அந்தக் கேள்வியை இதுவரை அவரிடம் எந்த மாணவனும் கேட்டதில்லை. ராஜாவும் இப்போது அவர் முகத்தையே பார்த்தான். தப்பிக்க வழி தேடிய பண்டிதர் சாத்தன்மேல் பாய்ந்தார்.

"தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்."

"தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்" என்றான் சாத்தன்.

தோழி இதையெல்லாம் ராணியின் காதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். இந்த ஊருக்கு வந்த பிறகு சுமனா சிரித்து ராஜா கேட்டதே இல்லை. அவன் எழுந்து போய்த் திரையை விலக்கினான். அரச வழக்கம் எதுவும் அப்போது அவன் நினைவில் இல்லை.

"உங்கள் பாஷையில் 'எனக்குப் புரியவில்லை' என்று எப்படிச் சொல்வது?" என்று தோழியிடம் கேட்டான்.

அவள் சொல்லித் தந்தாள். ராஜா அதை மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். சுமனா ஒரு கணம் திகைத்தாள். பிறகு மடை திறந்ததுபோல் பேச ஆரம்பித்தாள். ராஜா மறுபடி அதையே சொன்னான். அவள் கையைக் காட்டி, சன்னலைக் காட்டி, மெதுவாக முதலிலிருந்து சொன்னாள்.

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். சிரித்தபடியே தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தன் கழுத்தில் போட்டான். பண்டிதரைத் தோழியிடம் பாடம் கேட்கச் சொன்னான். எல்லாரையும் போகச் சொல்லிவிட்டான்.

அவள் பேசியதில் பாதி அவளுடைய அம்மாவைப் பற்றியது என்று ராஜாவுக்குத் தெரிய இன்னும் வெகுநாள் ஆயிற்று. அதுவரை, புரியவில்லை, புரியவில்லை என்று சொல்லிக்கொண்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.