ஏழு பேர் சொன்ன நல்ல வார்த்தை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போதே கேட்டால் கிடைக்காது. ஆடிட்டர் நஞ்சப்பனுக்கு விளங்கிய பிறகுதான் நமக்கு. அவரோ உலைப்பானை மாதிரி கொதித்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறார். வழியை விடுங்கள்.

கையில் ரிப்போர்ட். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. ஒரு சிவப்புக் கோடு இல்லை, ஒரு கேள்விக்குறி இல்லை. சும்மா திரும்பி வந்திருந்தது.

நஞ்சப்பனுக்கு வயது ஐம்பத்தேழு. காங்கேயத்தில் முப்பது வருஷமாக ஆடிட்டர். வரிக் கணக்கில் அவரை அசைக்க ஆள் கிடையாது. ஆனால் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விலைக்கு வாங்கும்போது, விற்கிறவன் சொல்வது மெய்யா பொய்யா என்று முன்கூட்டியே துருவிப் பார்க்கிற வேலை இருக்கிறதே, டியூ டிலிஜென்ஸ் என்பார்களே, அது அவருக்குப் புதிது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் கோயம்புத்தூருக்கு வந்து பிரிஸ்கில்லா மேடத்திடம் சேர்ந்தார்.

மேடம் நாகர்கோவில்காரர். வயது முப்பத்தெட்டு. சிஷ்யருக்குத் தலை முழுக்க நரை, குருவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. நஞ்சப்பனின் கோபத்தில் பாதி அதுவேதான். சாதாரண நாளில் ‘மேடம்’ என்பார். கோபம் வந்தால் ‘அம்மிணி’. இன்று படியேறும்போதே ‘அம்மிணி’ வந்துவிட்டது.

விஷயம் இதுதான். காங்கேயத்தில் மாராத்தாள் என்று ஒரு அம்மா, மாட்டுத்தீவன ஆலை நடத்துகிறார். அறுபத்துமூன்று பேருக்கு அங்கே வேலை. திண்டுக்கல் பக்கம் ஜெயசீலன் என்பவரின் தீவன ஆலை விலைக்கு வந்தது. அதை வாங்க மாராத்தாள் தன் ஆலையையும் குடியிருக்கும் வீட்டையும் சேர்த்து பேங்க்கில் அடமானம் வைக்கிறார். திண்டுக்கல் ஆலையில் எந்திரம் பழசு, கட்டடம் அதைவிடப் பழசு. அதன் மதிப்பெல்லாம் வருஷக்கணக்காக அங்கே சரக்கு எடுக்கும் ஏழு பெரிய வாடிக்கையாளர்களிடம்தான் இருக்கிறது. அந்த ஏழு பேர் நிஜம் என்றால் விலை மலிவு. இல்லையென்றால் வீடும் போச்சு, ஆலையும் போச்சு, அறுபத்துமூன்று பேரும் தெருவில்.

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து. இன்று புதன். நான் ஒரு காகிதமும் படிக்க மாட்டேன் நஞ்சப்பா, நீ சரீன்னா சரி என்று மாராத்தாள் சொல்லிவிட்டார்.

நஞ்சப்பன் சோம்பேறி இல்லை. திண்டுக்கல்லுக்கே போய் வந்தார். மலையடிவார ஆலை. சிந்திய மக்காச்சோளத்தைப் பொறுக்க முற்றம் நிறைய மயில்கள் வந்து நிற்கிற அழகைப் படம் பிடித்து வீட்டுக்காரம்மாவுக்கு அனுப்பினார். பில்லைப் பார்த்தார், லாரிச் சீட்டைப் பார்த்தார், பேங்க் வரவைப் பார்த்தார். கடைசியாக ஏழு வாடிக்கையாளர்களிடமும் பேச வேண்டும் என்றார். ஜெயசீலன் தங்கமான மனுஷன். பத்தே நிமிஷத்தில் ஏழு பேரின் பெயரும் போன் நம்பரும் டைப் அடித்த தாளில் வந்து சேர்ந்தன.

நஞ்சப்பன் ஊர் திரும்பி, ஆபீசில் உட்கார்ந்து, ஏழு பேரையும் கூப்பிட்டார்.

திருநெல்வேலிக்காரர் சொன்னார், அவிய சொன்ன தேதிக்குச் சரக்கு வந்து நிக்கும்லா என்று. மதுரைக்காரர், ஜெயசீலன் அண்ணேன் சரக்குன்னா கண்ண மூடிக்கிட்டு எறக்கலாம்ணே என்றார். தஞ்சாவூர்க்காரர் அவசரமே படாமல், மாடு கூட வேற மூட்டைய மோந்து பாக்கறதில்லீங்க என்றார். சென்னை ராயபுரத்தில் மொத்த வியாபாரி, துறைமுகத்துக்கு எதிரே கடை. அவர்தான் உச்சம். “இன்னா சார் நீ, அவரப் போயி விசாரிக்கிற? பத்து வருசமா சரக்கு எடுத்துக்கினு கீறேன். தங்கம் சார் அவரு.”

ஏழு பேரும் நல்ல வார்த்தை. நஞ்சப்பன் அத்தனையும் எழுதினார். எழுதுவதிலும் மேடத்திடம் ஒரு வழக்கம் உண்டு. போனில் காதில் விழுந்ததெல்லாம் ஏட்டில் விழ வேண்டும். தும்மினால் தும்மல், குக்கர் கத்தினால் குக்கர். கிறுக்குத்தனம் என்று நஞ்சப்பன் பல்லைக் கடித்துக்கொண்டே ஒன்று விடாமல் எழுதினார். எழுதச் சொன்னதை எழுதாமல் விட்டால் அவர் ஆடிட்டரே இல்லை.

அப்படிப்பட்ட ரிப்போர்ட்தான் மூன்றாம் முறையாகத் திரும்பியிருக்கிறது. சிரிப்பா? வரும், பொறுங்கள். கதவைத் திறக்கிறார்.

“என்ன கொறைங்க அம்மிணி இதுல?”

மேடம் நிமிர்ந்தார். “வாசிச்சியளா அண்ணாச்சி?”

“எழுதுனதே நானுங்க.”

“அதக் கேக்கல.”

நஞ்சப்பனுக்குக் காது சிவந்துவிட்டது. கொட்டித் தீர்த்தார். முப்பது வருஷத்தில் எந்த அதிகாரியும் தன் கணக்கைத் திருப்பி அனுப்பியது இல்லை என்றார். ஏழு ஊரில் ஏழு மரியாதைப்பட்ட மனுஷர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பேசியிருக்கிறார்கள், அவர்களைச் சந்தேகப்படுவது அவர்களைச் செருப்பால் அடிப்பதற்குச் சமம் என்றார். எதையும் நம்பாத ஆள் சோற்றில் விஷம் இருக்குமென்று பட்டினிதான் கிடக்க வேண்டும் என்றார். வயசுக்குத் தகுந்த மரியாதை என்று ஆரம்பித்து, அதை மட்டும் பாதியில் முழுங்கினார்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் தள்ளினார். அவர் தொடவில்லை.

“நானும் ஒண்ணு கேக்கறனுங்க,” என்றார் நஞ்சப்பன். “உங்ககிட்டக் கத்துக்கறது சரிதானான்னு நான் யாரப் போயி விசாரிக்கறது?”

குத்தலாகத்தான் கேட்டார். மேடம் அதை நல்ல கேள்வியாக எடுத்துக்கொண்டார். ஒரு துண்டுத் தாளில் மூன்று பெயரும் மூன்று நம்பரும் எழுதி நீட்டினார்.

“என்னய நல்லாத் தெரிஞ்சவங்க. விசாரிச்சிட்டு வாங்க.”

நஞ்சப்பன் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு எதிரில் இருக்கும் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

முதல் நம்பர், மேடத்துக்குப் பாடம் நடத்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இருமினார். பிரிஸ்கில்லா பொய் பேசி நான் பார்த்ததில்லை ஐயா என்றார், இருமினார். நஞ்சப்பன் இருமலை எழுதிக்கொண்டார். இரண்டாவது, சென்னையில் மெஸ் நடத்தும் அம்மா. அந்தப் பொண்ணு தங்கம்பா, பாக்கி வெச்சதே கெடியாது என்றார். அதையும் எழுதிக்கொண்டார். சூடு கொஞ்சம் தணிந்தது.

மூன்றாவது, பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் அம்மா. எடுத்தவுடனே, “சொல்லுங்க சாமி, நம்மூருப் பேச்சாட்டத் தெரியுதுங்களே,” என்றது குரல். நஞ்சப்பன் உருகிப்போனார். காங்கேயமுங்க என்றார். அங்கே எங்க சின்னம்மா வீடு இருக்குதுங்க என்றது குரல். எந்தத் தெரு என்று இவர் கேட்க, அந்த அம்மா சொல்ல, தெரிந்த தெருதான். உறவே ஆகிவிடும்போல இருந்தது. நம்ம பக்கத்து அம்மா சொன்னால் அதற்கு மேல் சாட்சி எதற்கு? மேடத்திடம் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட யோசித்துவிட்டார்.

அப்போது மணி பதினொன்று. தினமும் அந்த நேரத்துக்கு ஆபீசுக்குக் கீழே ஒரு ரொட்டிக்காரர் சைக்கிளில் வருவார். ரப்பர் ஹாரனை மூன்று தடவை அமுக்குவார். மூன்றாவதை மட்டும் இழுப்பார்.

பாம். பாம். பாஆஆம்.

ஜன்னல் வழியாக இடது காதில் விழுந்தது. போன் வழியாக வலது காதிலும் விழுந்தது.

நஞ்சப்பன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். “என்னுங்க சாமி, பேச்சையே காணோம்?” என்றது பொள்ளாச்சி.

எழுந்தார். இரண்டே எட்டு. எதிர்க் கதவைத் தள்ளினார். மேசைமேல் மூன்று பழைய போன்கள் வரிசையாக இருந்தன. மூன்றாவது மேடத்தின் காதில். “ஒடம்பப் பாத்துக்கோங்க சாமி, வெச்சர்றனுங்க,” என்று பொள்ளாச்சிக் குரலில் முடித்துவிட்டு மேடம் போனை மேசையில் வைத்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. நஞ்சப்பனைப் பாருங்கள், சிரிக்கிற முகமா அது?

பேரன் பேத்தி எடுத்தவனைக் கோமாளி ஆக்குவது எந்த ஊர்ப் படிப்பு என்று கேட்டார். சின்னம்மா வீட்டுத் தெருவரைக்கும் பொய் சொன்னீர்களே என்றார். அதுதான் அவருக்கு ஆறவே இல்லை.

“நம்பர் யாரு குடுத்தது அண்ணாச்சி?”

“நீங்கதான் குடுத்தீங்க.”

நஞ்சப்பனுக்கு எங்கேயோ ஒரு முள் குத்தத்தான் செய்தது. ஆனால் கோபக்காரனுக்கு முள் குத்தினால் முள்ளின் மேல்தானே கோபம் வரும்?

“நீங்க ஏமாத்துனா ஊரே ஏமாத்துதா?” என்றார். சந்தேகம் யார் வேண்டுமானாலும் படலாம், ஆடிட்டர் என்றால் ஆதாரம் வேண்டும், ஒரே ஒரு ஆதாரம் காட்டட்டும் பார்க்கலாம் என்றார். இனிமேல் யார் ஒப்புதலும் தனக்கு வேண்டாம், மாராத்தாள் அக்காவுக்கு இப்போதே சொல்லிவிடப் போவதாகச் சொல்லி, சொன்ன வேகத்தில் நம்பரையும் அழுத்தினார்.

“சொல்லு நஞ்சப்பா,” என்றார் மாராத்தாள். பின்னால் ஆலை ஓடும் சத்தம். “என்ன, போட்டர்லாமா கையெழுத்து?”

நஞ்சப்பன் வாயைத் திறந்தார். அதற்குள் மேடம் ரிப்போர்ட்டை எடுத்து, எண்பத்தெட்டாம் பக்கத்தை விரித்து, அவர் முன்னால் வைத்தார். ஏழு பேரிடமும் பேசிய குறிப்பு.

“தாராளமாச் சொல்லுங்க. இத அவங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டுச் சொல்லுங்க. ஒரு எழுத்து விடப்படாது.”

“வாசிக்கறனுங்க. எனக்கென்னுங்க பயம்?” என்றார் நஞ்சப்பன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். பள்ளிக்கூடத்துப் பையன் தமிழ்ப் பாடம் ஒப்பிப்பதுபோல உரக்க வாசித்தார். அவ்வளவும் தன் கைப்பட எழுதியது. ஒவ்வொரு வரியையும் மேடத்தைப் பார்த்து முறைத்துக்கொண்டே வாசித்தார்.

“திருநெல்வேலி. மூன்று நிமிடம். சரக்கு தேதிக்கு வருகிறது, திருப்தி. நடுவில் மயில் கத்தியது.”

மேடம் தலையாட்டினார்.

“மதுரை. ஐந்து நிமிடம். முழுத் திருப்தி. மயில் கத்தியதால் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.”

“ம்.”

“தஞ்சாவூர். நான்கு நிமிடம். மாடுகளுக்கும் திருப்தி. மயில், இரண்டு தடவை.” குரலில் கொஞ்சம் வேகம் குறைந்தது. ஆனாலும் விடவில்லை. “சென்னை, ராயபுரம். துறைமுகத்துக்கு எதிரே. ஆறு நிமிடம். தங்கமான மனிதர் என்றார். அவர் பேசி முடிக்கும்வரை விடாமல் மயி…”

நின்றது.

நஞ்சப்பன் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுத்து மாறவில்லை. தன் எழுத்துத்தான். அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

“என்ன நஞ்சப்பா, கேக்கலியே,” என்றார் போனில் மாராத்தாள். “பேனா கையிலதான் இருக்குது.”

“பேனாவக் கீழ வையுங்கக்கா,” என்றார் நஞ்சப்பன்.

டம்ளரை எடுத்துத் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

“மேடம்,” என்றார். படியேறியதிலிருந்து இதுதான் முதல் தடவை.

“சொல்லுங்க.”

“ராயபுரத்துல, ஹார்பருக்கு எதுத்தாப்ல… மயிலு இருக்குதுங்களா?”

“உங்க ரிப்போர்ட்ல இருக்குல்லா அண்ணாச்சி.”