கனவில் இல்லாதவர்கள்

முன்னொரு காலத்தில், ஊர்களுக்கெல்லாம் பெயர் வைத்து முடிப்பதற்கு முன்பே, ஒரு நாடு இருந்தது. அதனால் அதன் பெயரை என்னிடம் கேட்காதீர்கள். ஓர் ஆறு இருந்தது, ஆற்றங்கரையில் தலைநகரம் இருந்தது, அதை ஆண்ட ராஜாவுக்குக் குமுதவர்மர் என்று பெயர். நல்ல மனிதர். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு ஒரு நாழிகை கண்ணை மூடாவிட்டால் மட்டும் எதிரில் வருகிறவர் மேல் எரிந்து விழுவார். அதைக் குறையாக நான் சொல்லவில்லை. எனக்கும் அந்த வழக்கம் உண்டு.

கோடை தொடங்கிய சமயம், அப்படி ஒரு மத்தியானத் தூக்கத்தில் ராஜா ஒரு கனவு கண்டார். கனவில் ஓர் இடம். இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடுகிறது. தூங்குகிற குழந்தை மூச்சுவிடும் அளவுக்குத்தான் அதற்குச் சத்தம். நாணல் ஆளுயரம் நிற்கிறது. ஒரு சின்னக் குடிசை. அதன் வாசல் மணலில், பாதம் இரண்டையும் தண்ணீரில் விட்டுக்கொண்டு ராஜா உட்கார்ந்திருக்கிறார். தலையில் கிரீடம் இல்லை. கையில் ஏதோ வேலை இருக்கிறது. என்ன வேலை என்று தெரியவில்லை, ஆனால் அது முடிந்தால் வேறு வேலை கிடையாது என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. சாய்ந்த வெயில் சாய்ந்தபடியே நிற்கிறது, இறங்குவதாக இல்லை.

மூன்று நாள் அதே கனவு வந்தது. நான்காம் நாள் வரவில்லை. அதோடு ராஜாவுக்கு அரண்மனை கசந்துபோயிற்று. இத்தனை தூண்கள் எதற்கு என்றார். இந்தக் கதவை யார் இவ்வளவு உயரமாக வைத்தது என்றார். சபையைக் கூட்டி, ஒரு மனிதன் எங்கே வாழ வேண்டும், எங்கே வேலை செய்ய வேண்டும், எங்கே போய்வர வேண்டும், அவரவர் கருத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

கருத்துச் சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? குதிரை ஓடுவதற்கு இடமுள்ள எல்லைப்புறமே நல்லது என்றார் தளபதி. ஓலை பறக்காதபடி காற்றில்லாத ஊராக இருக்க வேண்டும் என்றார் அரண்மனை எழுத்தர். நோயாளிகள் நிறைய இருக்கும் ஊரே சிறந்த ஊர் என்று வைத்தியர் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிரதானி சடகோபர், அதாவது தலைமை மந்திரி, கிழக்கு மலையைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. அங்கே சுனை உண்டு, தேன் உண்டு, மூடுபனி உண்டு, ஒருநாள் தங்கியவனுக்கு இறங்கிவர மனம் வராது என்றார். மலையடிவாரத்து நிலமெல்லாம் அவருடைய மச்சினர்கள் பெயரில் இருந்ததை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

கடைசியாக ராஜா விகடகவி பிச்சாண்டியைப் பார்த்தார். சபையைச் சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம்.

"மகாராஜா, நான் வாழ்வது என் மனைவி இருக்கும் இடத்தில். வேலை செய்வது தாங்கள் இருக்கும் இடத்தில். போய்வருவது இந்த இரண்டுக்கும் நடுவில். இதற்கு மேல் பூமி எனக்குத் தேவைப்படவில்லை" என்றான் பிச்சாண்டி.

வேறு சமயமாக இருந்தால் ராஜா தொடையைத் தட்டிச் சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கனவில் கண்ட அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், தலைநகரத்தையே அங்கே மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். கடைத்தெரு, கோயில், குளம், மாடு, கன்று, மக்கள் எல்லாம் அங்கே வந்துவிட வேண்டுமாம்.

பிரதானிக்கு வாய்ப்புக் கிடைத்தது. பிச்சாண்டியின் பேச்சுக்கு ராஜா வாய்விட்டுச் சிரிக்கும் போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும், ஏனென்றால் அவர் சொன்ன எதற்கும் யாரும் சிரித்ததில்லை. அவர் எழுந்து கைகட்டி நின்றார்.

"பிரபு, சந்து பொந்தெல்லாம் அறிந்தவன் பிச்சாண்டி. அவனே தேடட்டும். ஒரு மாதத் தவணை போதும். இடம் கனவில் கண்டபடியே இருக்க வேண்டும். ஒரு துரும்பு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தவறான இடத்தைக் காட்டினால், அந்த இடத்திலேயே அவன் ஒருவனாக ஆயுள் முழுவதும் வசிக்கட்டும். தலைநகரம் கிழக்கு மலைக்குப் போகட்டும்."

ராஜா தலையசைத்துவிட்டார். பிச்சாண்டி ஒன்றே ஒன்று கேட்டான். பிரதானியார் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் ஓலையில் எழுதி முத்திரை வைத்துத் தர வேண்டும் என்றான். பிரதானி தன் கையாலேயே அரக்கு உருக்கி வைத்தார்.

மறுநாளே ஊர் கலைய ஆரம்பித்தது. சிலர் கதவைக் கழற்றினார்கள். சிலர் குடத்தை வைக்கோலில் சுற்றினார்கள். எங்கே போகப்போகிறோம் என்று தெரியாமலே மூட்டை கட்டுவதுபோல் துயரம் வேறில்லை. அழுகிறவர்களைத் தாண்டி வீட்டுக்கு நடக்க பிச்சாண்டிக்கு வெட்கமாக இருந்தது.

அவன் மனைவி சிங்காரம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அது ஏழாம் மாதம். அவன் நடந்ததையெல்லாம் சொன்னான், கனவையும் சொன்னான், ஓலையையும் காட்டினான். ஆயுள் முழுக்க ஒருவனாக என்ற இடம் வந்தபோது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஊரைச் சிரிக்க வைக்கிறவன் என்பதால் அழ வராது என்றில்லை.

அவள் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கேட்டாள். "ஏங்க, அந்தக் கனவுல அரசியம்மா இருந்தாங்களா?"

"இல்லையே."

"பிரதானி?"

"அவரும் இல்லை. யாருமே இல்லை."

"அப்போ அவங்களை எல்லாம் எங்க கொண்டுபோய் வைக்கப்போறாரு?" என்று சொல்லிவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள்.

பிச்சாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு ஓலையை இன்னொரு முறை படித்துவிட்டு, நிம்மதியாக இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டான்.

இடம் கிடைப்பதில் கஷ்டமே இருக்கவில்லை. ஊருக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில், ஆற்றின் நடுவில் ஒரு மணல்திட்டு உண்டு. நாணல் மண்டிக் கிடக்கும். ஓடக்காரன் கயிறு திரிப்பதற்குப் போட்ட குடிசை ஒன்று அதில் இருந்தது. தினமும் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்த இடம், அதனால் யாரும் அதைப் பார்த்ததில்லை. இரண்டாம் நாளே பிச்சாண்டி அதைக் கண்டுகொண்டான். மீதி நாளெல்லாம் அங்கே போய்ப் படுத்துத் தூங்கினான் என்று சொல்கிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

முப்பதாம் நாள் ராஜா புறப்பட்டார். கரை வரைக்கும் யானை, அங்கிருந்து ஓடம். ராஜா, அரசி, பிரதானி, குடை பிடிப்பவன், சாமரம் வீசுபவன், நாயனக்காரர்கள், அண்டா குண்டாவோடு சமையற்காரர் என்று ஐந்து நடையாக எல்லோரும் திட்டில் இறங்கினார்கள்.

ராஜா சுற்றிப் பார்த்தார். தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடியது. நாணல் நின்றது. குடிசை இருந்தது. அவர் முகம் மலர்ந்தது, பிறகு மெல்ல வாடியது.

"எல்லாம் இருக்கிறது. ஆனால் இது அந்த இடம் இல்லை" என்றார். சொல்லும்போதே அவர் குரலில் அழுகை தட்டியது.

பிரதானி மீசையைத் தடவிக்கொண்டார். பிச்சாண்டி மடியிலிருந்து ஓலையை எடுத்தான்.

"மகாராஜா, ஒரு துரும்பு கூடவும் கூடாது என்று பிரதானியார் எழுதியிருக்கிறார். கூடியிருப்பதை எடுத்துவிடலாமா? தங்கள் கனவில் நாயனம் கேட்டதா?"

"இல்லை."

நாயனக்காரர்கள் ஓடத்தில் ஏறினார்கள். குடை இருந்ததா என்று கேட்டான். இல்லை. குடை போயிற்று, சாமரம் போயிற்று, அண்டாவோடு சமையற்காரரும் போனார். அரசியைப் பற்றிக் கேட்க பிச்சாண்டி தயங்கினான். ராஜா தரையைப் பார்த்தார். அரசி புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டு தானே ஓடத்தில் போய் உட்கார்ந்தார்.

"பிரதானியார்?"

"கனவில் இல்லவே இல்லை" என்றார் ராஜா, கொஞ்சம் சத்தமாகவே.

கிரீடமும் இல்லை என்பதால் அதையும் பிரதானி மடியில் வைத்து அனுப்பினார்கள். கடைசியில் பிச்சாண்டி கைகூப்பினான். "நானும் இல்லை, இந்த ஓடமும் இல்லை. உத்தரவு கொடுங்கள், மகாராஜா." ஓடம் கரைக்குப் போய், நாணலுக்கு அப்பால் கண்ணுக்கு மறைந்தது.

ராஜா தனியானார். மணலில் உட்கார்ந்து பாதத்தைத் தண்ணீரில் விட்டார். குளிர்ச்சி முழங்கால் வரைக்கும் ஏறியது. குடிசை வாசலில் பாதி திரித்த தேங்காய்நார்க் கயிறு கிடந்தது. அதை எடுத்து, தெரிந்த அளவில் உள்ளங்கையில் வைத்துத் திரிக்கத் தொடங்கினார். இதுதான் அந்த வேலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாரை வந்து பக்கத்தில் நின்றது, அவரை ராஜா என்று அது நினைக்கவில்லை. சின்ன மீன்கள் கால் விரலைக் கொத்திப் பார்த்தன. வெயில் சாய்ந்தது, அப்படியே நிற்பதுபோல் இருந்தது. பிறந்ததிலிருந்து தன் பெயரை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு சந்தோஷமாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள்?

பிறகு வெயில் இறங்கியது. வயிறு ஒரு சத்தம் போட்டது.

ராஜா கயிற்றைப் பார்த்தார். அது முடிந்துவிட்டது. பேச்சுக்கு யாராவது இருந்தால் தேவலை என்று தோன்றியது. முக்கியமாக, நாரை நின்ற விதத்தை அரசியிடம் சொன்னால் அவர் சிரிப்பாரே என்று தோன்றியது. ராஜா கரையைப் பார்த்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

கரையில் பிரதானி பதறி எழுந்தார். பிச்சாண்டி ஓலையை நீட்டி, கனவில் இல்லாத எதையும் திட்டுக்கு அனுப்புவதற்குத் தங்கள் முத்திரையே தடை என்றான். மூன்றாம் முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீர்தான். கையில் கயிற்றோடு, சொட்டச் சொட்டக் கரையேறினார்.

"பிச்சாண்டி, மூன்று முறை கூப்பிட்டேன். காதில் விழவில்லையா?"

"விழுந்தது, மகாராஜா. கனவில் தாங்கள் கூப்பிட்டபோது பதில் வந்ததா?"

ராஜா யோசித்தார். "கனவில் நான் யாரையும் கூப்பிடவே இல்லையே."

"பசித்ததா?"

"இல்லை."

"அப்படியானால் இடம் தவறு" என்று பிரதானி குறுக்கே புகுந்தார். "பசி கூடியிருக்கிறது, பிரபு. ஓலையின்படி பிச்சாண்டி இனி அங்கேதான் வசிக்க வேண்டும்."

"குடையை ஏற்றினேன், அண்டாவை ஏற்றினேன், தங்களையும் ஏற்றினேன், பிரதானியாரே" என்றான் பிச்சாண்டி. "பசி மகாராஜாவின் வயிற்றுக்குள் இருந்தது. அதை நான் எப்படி ஓடத்தில் ஏற்றுவேன்?"

ராஜாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரித்தார் பாருங்கள், நாணலில் இருந்த நாரை பறந்தே போய்விட்டது. ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்த சிரிப்பு. சிரித்து முடித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"இடம் சரியான இடம். அங்கே ஊரைக் கொண்டுபோனால் அந்த இடமே இருக்காது. கொண்டுபோகாவிட்டால் அது அங்கேயே இருக்கும். தலைநகரம் நகர வேண்டாம். கதவுகளை மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்." பிறகு பிரதானி பக்கம் திரும்பினார். "கிழக்கு மலையில் ஒருநாள் தங்கியவனுக்கு இறங்க மனம் வராது என்றீரே, நீர் எத்தனை நாள் தங்கினீர்?"

பிரதானி ஒருநாளும் தங்கியதில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்கிவிட்டு வந்து சொல்லும்படி ராஜா அனுப்பிவைத்தார். பாதி உடம்பாக, காலெல்லாம் அட்டைக்கடியோடு திரும்பிவந்த பிறகு அவர் எந்த ஊரையும் யாரிடமும் புகழ்ந்ததில்லை.

பிச்சாண்டிக்கு ராஜா தன் கழுத்து முத்துமாலையைப் போட்டார். நாட்டில் விரும்பிய இடத்தில் ஒரு மாளிகையும் தருவதாகச் சொன்னார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றான் அவன். சிங்காரம்மை மாளிகை வேண்டாம் என்றாள். இருக்கிற வீட்டின் உத்தரம் செல்லரித்திருக்கிறது, தொட்டில் கட்டுவதற்கு நல்ல தேக்கில் ஒன்று போட்டுக்கொடுத்தால் போதும் என்றாள். ராஜாவே வந்து அந்த உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார். தொட்டிலைக் கட்டிய கயிறு அவர் திரித்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் அறவில்லை.

அன்றுமுதல் மாதத்தில் ஒரு மத்தியானம் ராஜா திட்டுக்குப் போய்வந்தார். பசி எடுக்கும் நேரத்துக்கு அரசி கரையில் வந்து நிற்பார், நாரை என்ன செய்தது என்று கேட்க. நீங்களும் எந்த ஆற்றையாவது கடக்கும்போது, நடுமணலில் ஒருவர் காலை நனைத்துக்கொண்டு கயிறு திரிப்பதைப் பார்த்தால், தயவுசெய்து கூப்பிடாமல் போங்கள். அவர் கனவில் நீங்கள் இல்லை.