மங்களம் நிலையத்தார் லைசென்ஸ் மாற்றியது

குமாரவலசு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் 'மங்களம் திருமணத் தகவல் நிலையம்' என்று ஒன்று இருந்தது. மூன்று பேர் நடத்தினார்கள். மூன்று பேருக்கும் சேர்த்தாவது மூளை இருந்ததா என்று ஊரில் யாரும் விசாரித்ததில்லை. முதலாளி நல்லசிவம். ஊர் ஊராகப் போய் ஜாதகம் வாங்கி வருகிறவர் அங்கமுத்து. டைப் அடிப்பது தெய்வானை.

ஒரு புதன்கிழமை காலை உடுமலையிலிருந்து போன் வந்தது. பெரிய இடம். பையனுக்கு முப்பத்தாறு வயது. மறுநாள் அப்பாவே நேரில் வந்து பெண் ஜாதகங்களைப் பார்ப்பதாகச் சொன்னார். ஜாதகம் நானூறும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. அதுவோ பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துபோகும். தலையில் தட்டினால்தான் எழுந்திருக்கும். பெரிய இடத்துக்கு முன்னால் மானம் போய்விடக் கூடாதே என்று நல்லசிவம் அன்றைக்கே புதுசு ஒன்று வாங்கி வந்தார்.

வயரை மாட்டிப் போட்டால், 'லைசென்ஸ் இல்லை' என்று திரையில் வந்தது.

அங்கமுத்துவிடம் லாரி ஓட்டுகிற லைசென்ஸ் இருந்தது. அதை எடுத்துத் திரைக்கு நேராக இரண்டு நிமிஷம் பிடித்துக் காட்டினார். திரை மசியவில்லை.

"அது ஹெவி. இதுக்கு லைட் வெஹிக்கிள் வேணும்" என்றார் நல்லசிவம்.

ஆகவே தெய்வானை மவுஸைப் பிடித்து மேஜைமேல் எட்டு போட்டாள். கால் தரையில் பட்டால் ஃபெயில் என்று அங்கமுத்து எச்சரித்ததால், நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பதினோரு எட்டு போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் கடைக்காரரையே போனில் கேட்டார்கள். "பழைய கம்ப்யூட்டர்ல இருக்கற லைசென்ஸைப் புதுசுக்கு மாத்திக்கலாமுங்க" என்று சொல்லி, உதவி மையத்தின் நம்பரைக் கொடுத்தார் அவர். அங்கே ஹசீனா என்று ஒரு பெண் போனை எடுத்தாள்.

"சார், பழைய பெட்டி பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல இருபத்தஞ்சு எழுத்து. அதை எடுத்துப் புதுக் கம்ப்யூட்டருக்குள்ள போடுங்க."

ஸ்டிக்கரைக் கிழியாமல் உரிக்க அரைமணி ஆயிற்று. அதைச் சுருட்டி, புதுப் பெட்டியின் காற்று வாங்கும் இடுக்கு வழியாக உள்ளே தள்ளினார்கள்.

"போட்டாச்சுங்க."

"ஏத்துக்கிச்சா சார்?"

நல்லசிவம் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "முழுங்கிடுச்சு. ஏப்பம்தான் இன்னும் வரல."

ஹசீனாவுக்கு அந்த வேலையில் மூன்று வருஷ அனுபவம். கோபப்படாமல், அந்த எழுத்துகளைப் பார்த்து டைப் பண்ண வேண்டும் என்று விளக்கினாள். அங்கமுத்து தரையில் குப்புறப் படுத்து, இடுக்கில் டார்ச் அடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். தெய்வானை அடித்தாள். 'இந்த லைசென்ஸ் வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது' என்று பதில் வந்தது.

"ஒரே லைசென்ஸ் ரெண்டு இடத்துல இருக்கக் கூடாது சார். பழசை விலக்கிட்டுத்தான் புதுசுல சேர்க்கணும்" என்றாள் ஹசீனா.

இது மட்டும் அங்கே எல்லோருக்கும் உடனே புரிந்தது.

"நியாயமான பேச்சு. இதே காரணத்துக்குத்தானே போன மாசம் அந்த ஈரோட்டு மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பினோம்" என்றார் நல்லசிவம்.

"பழசுகிட்ட சம்மதம் கேக்க வேண்டாமுங்களா?" என்றாள் தெய்வானை.

"கேக்கலாம். பாதிக் கேள்வியில அணைஞ்சு போயிடும்."

ஹசீனா போனில் தொடர்ந்தாள். "முதல்ல பழசுல இருக்கற எல்லாத்தையும் நகல் எடுத்து வெச்சுக்குங்க. அப்புறம் மிச்சமில்லாம அழிச்சுடுங்க."

பழைய பெட்டியைக் கீழே ஜெராக்ஸ் கடைக்குத் தூக்கிப் போனார்கள். கடைக்காரர் எதை எடுப்பது என்று கேட்டார். எல்லாத்தையும் என்றார் நல்லசிவம். கண்ணாடிமேல் பெட்டியைக் குப்புற வைத்து ஒருமுறை, மல்லாக்க வைத்து ஒருமுறை, இரண்டிரண்டு பிரதி எடுத்தார்கள்.

"நகல் எடுத்தாச்சுங்களா சார்?"

"முன்பக்கம் ரெண்டு, பின்பக்கம் ரெண்டுங்க."

ஹசீனா கொஞ்சம் யோசித்தாள். "எல்லாம் தெளிவா இருக்குதில்ல?"

"பளிச்சுனு இருக்கு."

"அப்ப அழிச்சுடுங்க."

எப்படி அழிப்பது என்று விவாதம் நடந்தது. எரிக்கலாம் என்றாள் தெய்வானை. சாம்பல் மிச்சமாகும் என்றார் அங்கமுத்து. உடைக்கலாம் என்றார் நல்லசிவம். சில்லு மிச்சமாகும் என்றார் அங்கமுத்து. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. அதில் போட்டால் ஒன்றுமே மிஞ்சாது என்று அவரே சொன்னதும், மற்ற இருவரும் அவரைக் கொஞ்சநேரம் மரியாதையோடு பார்த்தார்கள்.

தெய்வானை பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள். போட்டார்கள். தண்ணீரில் குமிழி வந்து நிற்கும்வரை மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

அழித்தாகிவிட்டது என்று சொன்னதும், ஹசீனா தன் பக்கத்தில் ஏதோ செய்தாள். 'லைசென்ஸ் ஏற்கப்பட்டது' என்று திரையில் வந்தது. அங்கமுத்து ஓடிப்போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்.

தெய்வானை புதுக் கம்ப்யூட்டரைத் துழாவிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல ஒரு ஜாதகம்கூட இல்லையே" என்றாள்.

"நகல்தான் இருக்குதே. டீயைக் குடி" என்றார் நல்லசிவம்.

மறுநாள் பத்து மணிக்கு உடுமலைக்காரர் வந்தார். பெயர் பொங்கியண்ணன். ஜாதகம் பார்க்க வெளியாளை நம்பமாட்டார், தானே பார்ப்பார். நல்லசிவம் நகல்களை மஞ்சள் தடவிய கவரில் வைத்து நீட்டினார்.

பொங்கியண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முன்பக்கத்தில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பின்பக்கத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கட்டம் கட்டமா நல்லாத்தான் போட்டிருக்குது. எட்டாமிடத்துல இதென்ன, வட்டமா?"

"காத்தாடிங்க" என்றார் அங்கமுத்து.

"காத்துன்னா சனி. எட்டுல சனி இருந்தா ஆயுசு கெட்டி."

பையிலிருந்து மகனின் ஜாதகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விரலை மடக்கி மடக்கி அரைமணி நேரம் கணக்குப் போட்டார். பிறகு முகம் மலர்ந்து, "பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்குதுங்க. வேற ஜாதகமே வேண்டாம். பொண்ணை இப்பவே பார்க்கலாமுங்களா?" என்றார்.

அந்த ஆபீஸில் வாடிக்கையாளரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நல்லசிவம் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "கிணத்துல இருக்குங்க" என்றார்.

பொங்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டு, நாற்காலியில் வாகாகச் சாய்ந்துகொண்டார்.

"அவசரமில்லீங்க. நிதானமாக் குளிச்சுட்டே வரட்டும்."