வைக்க மறுத்த புள்ளிகள்

இருதயராஜ் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். வேலை பார்த்த காலம் முழுக்க வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாகவே போய்க்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றதும் மனைவி பிலோமினாவோடு ஆற அமர உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைத்திருந்தார். அதற்குச் சில மாதம் முன்னாலேயே அவள் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. பொன்மலை வீட்டில் அதற்குப் பிறகு குக்கர் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அந்தக் கடைசிப் பெட்டியில் பொழுது போகாமல் அவர் கற்றுக்கொண்ட ஒன்று வெண்பா. ஓய்வுக்குப் பிறகு அதை நம்பித்தான் எம்.ஏ. தமிழில் சேர்ந்தார். இரண்டாம் வருடம் கல்லூரி அவரையும் இன்னும் மூன்று மாணவர்களையும் ஓர் ஆய்வு நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. ஓலைச்சுவடிகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் திட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. பொறுப்பு நிலோபர் என்ற பேராசிரியைக்கு. இருதயராஜுக்கு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். அவர் இவரை "சார்" என்றார். இவர் அவரை "அம்மா" என்றார். இரண்டு பேருக்கும் அது சரியாகவே இருந்தது.

திரையின் ஒரு பக்கம் ஏட்டின் படம். மறுபக்கம் வெறும் வெள்ளை.

"படத்துல இருக்கறதை அப்படியே தட்டணும் சார். பூச்சி அரிச்ச இடத்துல புள்ளி வைங்க. எத்தனை எழுத்து போயிருக்கும்னு தோணுதோ, அத்தனை புள்ளி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

மற்ற மூவரும் இளவட்டம். மதியம் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இவர் டிபன் பாக்ஸோடு போனால் மரியாதையாக எழுந்து இடம் விடுவார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். இரண்டு நாள் பார்த்தார். பிறகு சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய்ச் சாப்பிட்டார்.

அவருக்கு வந்த ஏடு, பெயர் தெரியாத ஒருவர் பாடிய வெண்பாக்கள். கடலுக்குப் போன ஓடக்காரன் திரும்பி வரவில்லை. அவன் மனைவி கரையில் நின்று பேசுகிறாள். ஏடு முழுக்கப் பூச்சி அரித்த ஓட்டைகள்.

கரையினில் நின்றேன் கடலே நீ ....
திரைமேல் அவன்போன .........

முதல் நாள் புள்ளி வைத்தார். மறுநாளும் வைத்தார். மூன்றாம் நாள் கை வரவில்லை. பேசிக்கொண்டிருக்கிற ஒருத்தியின் வாயைப் பொத்துவது போல இருந்தது.

'சொல்வாய்' என்று போட்டுப் பார்த்தார். தளை தட்டவில்லை, வெண்பாவின் ஓசை இடறாமல் ஓடியது. 'திக்குத் தெரியாமல்' என்று போட்டார். அச்சாகப் பொருந்தியது.

அன்று பஸ்ஸில் அந்த வரிகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் வாய்விட்டே கேட்டார்: "அப்புறம் என்ன சொல்ற?" வெகு காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு கேள்வி. அந்த வாரம் ஹோட்டலில் பொட்டலம் வாங்காமல் சோறு வடித்தார். ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டே போனார். ஓடக்காரன் மனைவி தடையில்லாமல் பேச ஆரம்பித்தாள்.

முடித்துக் கொண்டுபோய்க் காட்டினார். நிலோபர் நிதானமாகப் படித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

இருதயராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இதுல எது அவ சொன்னது, எது நீங்க சொன்னது?"

"படத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும்மா."

"பார்க்காம சொல்லுங்க."

அவர் விரல் வைத்துக் காட்டினார். இரண்டு இடம் சரியாக இருந்தது. மூன்றாவதை ஏட்டில் உள்ளது என்றார். நிலோபர் படத்தைத் திறந்தார். அங்கே ஓட்டைதான் இருந்தது. வேறொன்றைத் தன்னுடையது என்றார். அது ஏட்டில் தெளிவாக எழுதியிருந்தது.

அவர் திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

"இந்த 'சொல்வாய்' உங்களுதா?" என்று கேட்டார் நிலோபர்.

"ஆமாம்மா. அது சந்தேகமே இல்ல. அந்த இடத்துல அதுதான் வரும்."

நிலோபர் அந்தச் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் மாற்றினார். கடலே நீ கொல்வாய்.

"தளை தட்டுதா சார்?"

இருதயராஜ் மனதுக்குள் அலகிட்டார். தட்டவில்லை.

"கடலைக் கெஞ்சினாளா, திட்டினாளா, நமக்குத் தெரியாது."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரியாதுன்னு விட்டுட்டா ஆச்சா? அந்தப் பொம்பளை அரைகுறையாவே நிக்கணுமா? புள்ளியைப் படிக்க யாரும்மா வரப்போறாங்க? புள்ளி என்ன பேசுது?"

நிலோபர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஏட்டின் படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார்.

"வாசிங்க சார். ஓட்டை வந்தா நிறுத்துங்க. அங்க போன சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அவ்வளவு நேரம் சும்மா இருந்துட்டு, அப்புறம் மேல போங்க."

"கரையினில் நின்றேன் கடலே நீ..."

அவருடைய சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினார். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"திரைமேல் அவன்போன..."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள்.

இரண்டு பாட்டு தள்ளிப் பெரிய ஓட்டை. கிட்டத்தட்ட ஒரு பாட்டே போயிருந்தது. அவர் நிறுத்தினார். நேரம் கடந்தது. அதற்கு மேல் அவர் வாசிக்கவில்லை. நிலோபரும் தூண்டவில்லை.

வெகுநேரம் கழித்து இருதயராஜ் பேசினார். திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"வண்டி அரியலூர் தாண்டிப் போயிட்டிருந்தது. பிலோமினா போன்ல பேசிட்டிருந்தா. 'நீங்க வரும்போது'ன்னா. டவர் போயிடுச்சு. நான் வீட்டுக்கு வந்தப்போ அவ இல்ல."

நிலோபர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மீன் வாங்கிட்டு வாங்கன்னு சொல்ல வந்தாளோ என்னவோ. சாவி பக்கத்து வீட்ல இருக்கும்னு சொல்ல வந்தாளோ. நான் இருக்க மாட்டேன்னே சொல்ல வந்தாளோ. தினம் ஒண்ணு போட்டுப் பாக்கறேன். எல்லாமே பொருந்துதும்மா."

திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எல்லாமே என் குரல்லதான் கேக்குது. அவ குரல் மறந்தே போச்சு."

நிலோபர் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் குடிக்கவில்லை. கீபோர்டை இழுத்துக்கொண்டார். தான் போட்ட சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தார். 'சொல்வாய்' போயிற்று. 'திக்குத் தெரியாமல்' போயிற்று. ஒரு வாரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தவள் மறுபடி விட்டுவிட்டுப் பேசுகிறவள் ஆனாள்.

அழித்து முடித்தும் அவர் விரல் புள்ளிச் சாவியின் மேலேயே நின்றது.

"புள்ளின்னா அங்க ஒண்ணும் இல்லேன்னுதானேம்மா அர்த்தம்?"

"இல்ல சார்," என்றார் நிலோபர். "அவங்க இன்னும் பேசி முடிக்கலைன்னு அர்த்தம்."